கிள்ளினால் பச்சை வரும்

ஒரு ஓட்டோவில் பன்னிரண்டு பூச்சாடிகளும் ஒரு மனுஷியும் ஏறிப் போகலாம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மஸீனா போவாள். காலடியில் நாலு, பக்கத்தில் ஐந்து, மடியில் இரண்டு, டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடி முன்னால் ஒன்று. பலாபத்வலவில் வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்திருக்கும் செடித் தோட்டத்திலிருந்து மாத்தளை டவுனுக்கு மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, ஒரு தடவை இந்த ஊர்வலம் நடக்கும். போகும்போது பச்சைப் பசேலென்று போகிற சாடிகளுக்குப் பதிலாக, திரும்பும்போது மஞ்சளும் கறுப்புமாய்த் தலையைத் தொங்கப்போட்ட பன்னிரண்டு சாடிகள் வரும்.

"இன்னைக்கு எத்தினை மவுத்து?" என்று துணிமணி விற்கும் தன் புடவைக் கடை வாசலில் நின்றுகொண்டு கேட்பார் அவளுடைய புருஷன் இத்ரூஸ். எத்தனை சாவு என்று கடைத்தெருவே கேட்கும்படி கேட்பார். மஸீனா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபம் அவர் மீது இல்லை, தன் வாய் மீதுதான்.

வாய்தான் அவளை மாட்டிவிட்டது. டவுனில் டொக்டர் சுதர்சினி புதிதாய்க் கட்டிய மருத்துவ நிலையத்தில் நோயாளிகள் காத்திருக்கும் ஹோல் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம், பின்னால் இன்னொருவருடைய மதில். ஜன்னல் வைக்க இடமே இல்லை. பகலில் லைட்டை அணைத்தால் எதிரில் இருப்பவரின் மூக்கு தெரியாது. அங்கே செடி வைக்கலாமா என்று டொக்டர் கேட்டபோது மஸீனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "வெளிச்சமே இல்லாட்டியும் வளரும் டொக்டர். அதுக்குத்தானே இன்டோர் பிளாண்ட்னு பேரு."

நிழல் வேறு, இருட்டு வேறு. இருபது வருஷம் மண்ணில் கைவைத்தவளுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் ஒரு டொக்டர் தன்னைத் தேடி வந்து கேட்ட பூரிப்பில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. விளைவு, எட்டு மாதமாய் அவள் அந்த ஹோலுக்கு செடிகளைக் காவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதம் டொக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மஸீனா, நாவுலயில இன்னொரு நிலையம் திறக்கப் போறேன். இன்னும் ஆறு கிழமை இருக்கு. அங்கயும் ஹோல் இப்படித்தான், நடுக்கட்டடத்துல. கண்டியிலருந்து கஜீபன்னு ஒரு பையன் வந்துட்டுப் போனாரு. பிளாஸ்டிக் செடி. பார்த்தா அசல் மாதிரியே இருக்கு. தண்ணி வேணாம், சாகாது."

மஸீனா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "ஆறு கிழமை தாங்க டொக்டர். இந்த ஹோல்லயே நிமிர்ந்து நிக்க வெச்சுக் காட்டுறேன். லைட் போட்டு வளர்க்கலாம்."

டொக்டர் கலண்டரைப் பார்த்தார். "சரி. கஜீபனை ஆறு கிழமை கழிச்சு சாமானோட வரச் சொல்றேன். அன்னைக்கு செடி நல்லா நின்னா இங்கயும் நாவுலயிலயும் உங்க செடிதான். வாடி இருந்தா ரெண்டு இடத்துலயும் பிளாஸ்டிக். இன்னொண்ணு. கரண்ட் போனா இந்த ஹோலும் தடுப்பூசி ஃப்ரிட்ஜும் ஒரே பேட்டரியிலதான் ஓடுது. அதனால உங்க லைட் எல்லாம் சேர்ந்து நூறு வாட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஊசி மருந்து கெட்டுப் போயிரும்."

மஸீனா தலையாட்டிவிட்டு வந்தாள். வியாபாரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடக் கூடியவள்தான் அவள். இதை மட்டும் விட முடியாததற்குக் காரணம் வேறு.

நாலு வருஷத்துக்கு முன்னால் இத்ரூஸுக்கு கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. பதினொரு நாள் மஸீனா அங்கே ஒரு ஹோலில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க ஒன்றுமில்லை. மூலையில் ஒரு ரோஜாச் செடி மட்டும் இருந்தது. நாலாம் நாள், டொக்டர்மார் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போன ஒரு பின்னேரம், அவள் எழுந்து போய் அதன் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். ஏன் கிள்ளினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பிளாஸ்டிக் செடி. நகத்தில் தூசிதான் ஒட்டியது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவள் ஓவென்று அழுதாள். இத்ரூஸ் பிழைத்து வந்து இப்போது வாசலில் நின்று மவுத்துக் கணக்குக் கேட்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தூசியை மட்டும் அவள் மறக்கவில்லை.

டொக்டரிடமிருந்து நேரே அவள் போனது முனாஸின் மின்சாமான் கடைக்கு. முனாஸ் வாய்ச்சாலகன். விசிறி வாங்கப் போனவனை ஏசியோடு அனுப்பக் கூடியவன்.

"செடிக்கு லைட்டா? வாங்க ராத்தா, ஒங்களுக்குன்னே வந்திருக்கு" என்று ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தான். பெட்டியின் மேல் ஆளுயரத் தக்காளிச் செடி ஒன்றும், அதைவிடப் பெரிதாய் அறுநூறு வாட்ஸ் என்றும் போட்டிருந்தது.

"எனக்கு நூறுக்குள்ள வேணும் முனாஸ்."

"அறுநூறுங்கிறது சும்மா ஒரு இதுக்குப் போடுறது ராத்தா. உள்ள இழுக்கிறது நாப்பத்தஞ்சுதான். ரெண்டு போட்டாலும் தொண்ணூறு. செடிக்கு சிவப்பும் நீலமும் மட்டும் போதும், மத்த வெளிச்சம் எல்லாம் வீண். அதான் இது ஊதாவா எரியும்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சிவப்பையும் நீலத்தையும்தான் செடி விரும்பிச் சாப்பிடும். ஆனால் அந்த ஹோலில் செடி மட்டுமா இருக்கிறது? அதை முனாஸும் யோசிக்கவில்லை, மஸீனாவும் யோசிக்கவில்லை. இரண்டையும் வாங்கி, அன்று பின்னேரமே அவனைக்கொண்டு ஹோலின் முகட்டில் மாட்டிவிட்டுப் பெருமையாய் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹோல் நிறைய ஆட்கள். முன் மேசையில் நம்பர் கொடுக்கும் சந்திரகாந்தா இரண்டு சுவிட்சையும் போட்டார். ஊதா வெளிச்சம் பரவியது. பல்லேகமவிலிருந்து விடிய எழும்பி பஸ் ஏறி வந்த ஒரு தாய், மடியில் கிடந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் உதடு ஊதா. கன்னம் ஊதா. கைவிரல் பத்தும் ஊதா.

"ஐயோ, எம் புள்ள நீலம் பாஞ்சிருச்சே!"

ஹோல் எழும்பி நின்றது. டொக்டர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார். பிள்ளைக்குச் சளி, அவ்வளவுதான். அதற்குள் இன்னொருவர் தன் கையைப் பார்த்து தனக்கும் வந்துவிட்டது என்றார். ஒரு கிழவர், இதென்ன கலர் லைட் போட்ட வெசாக் பந்தலா என்று சிங்களத்தில் கேட்டார். சாடித் தண்ணீர் பார்க்க வந்த மஸீனா இந்தக் கூத்தின் நடுவில் வந்து நின்றாள்.

டொக்டர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"மஸீனா, நான் நகத்தையும் கண்ணையும் பார்த்து நோய் சொல்றவ. சந்திரகாந்தா வாசல்ல இருந்துக்கிட்டே மூஞ்சைப் பார்த்து யாரை முதல்ல உள்ள அனுப்பணும்னு சொல்லுவாங்க. இந்த வெளிச்சத்துல மஞ்சள் காமாலை வந்தாலும் தெரியாது, ரத்தம் இல்லாட்டியும் தெரியாது. கழட்டிருங்க."

கழற்றினாள். கழற்றும்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள். ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுப்பாய்த் தெரிந்ததால், ஒரு கலத்தியாச் செடியின் இலையடியில் சிலந்திப்பேன் வலை கட்டியிருந்ததை அவளே காணவில்லை. மனிதருக்கு மட்டுமில்லை, செடிக்காரிக்கும் கண் கட்டுகிற வெளிச்சம் அது.

இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு புடவைக் கடைக்குப் போய்ப் பின்பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். இத்ரூஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மவுத்துக் கணக்குக் கேட்கவில்லை. அந்தளவு விவரம் அவருக்கு உண்டு. ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாடிக்கையைக் கவனிக்கப் போனார்.

வாடிக்கை ஒரு கல்யாணப் பெண்ணின் தாய். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணியை எடுத்து லைட்டின் கீழ் விரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு துணியைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"சரியாப் பாருங்க மாமி" என்றார் இத்ரூஸ். "கடை லைட்டு பொய் சொல்லும். வாசல் வெளிச்சம் சொல்லாது."

இருபத்திரண்டு வருஷமாய் மஸீனா இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இத்ரூஸ் இந்த வார்த்தையைச் சொல்லாத நாள் இல்லை. இன்றைக்குத்தான் அது காதில் ஏறியது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள்.

"இங்க பாருங்க, அந்த நூல் பெட்டியைத் தாங்க."

"என்னத்துக்கு?"

"தாங்களேன்."

தைக்கிற துணிக்கு நூல் பொருத்தம் பார்க்க வைத்திருக்கும் பெட்டி அது. கறுப்பும் கருநீலமும் பக்கத்தில் பக்கத்தில். மெரூனும் மண்ணிறமும் பக்கத்தில் பக்கத்தில். பச்சையிலேயே ஏழு வகை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மஸீனா மறுபடியும் முனாஸ் கடைக்குப் போனாள்.

"இந்த ரெண்டு ஊதாவையும் வெச்சுக்க. கடையில இருக்கிற வெள்ளை லைட் எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் போடு."

ஊதாக் கதை அதற்குள் டவுன் முழுக்கப் பரவியிருந்தது. முனாஸ் முகத்தில் அசடு வழியப் போட்டான். மஸீனா ஒவ்வொரு லைட்டின் கீழும் நூல் பெட்டியைத் திறந்தாள். ஒன்றில் மெரூன் மண்ணிறமாகியது. ஒன்றில் கருநீலத்தைக் கறுப்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. அப்படிப் பொய் சொன்னவற்றையெல்லாம் தள்ளிவிட்டாள். மூன்று மிஞ்சின. மேடைக்குப் போடுவது போல் முரட்டு ஃபிளட் லைட் ஒன்று. வீட்டுக்குப் போடுகிற சாதாரண டியூப் ஒன்று. செடிக்கென்றே வந்த, சூரிய வெளிச்சத்தின் எல்லா நிறமும் கலந்த, நாலடி நீளப் பட்டை லைட் ஒன்று. இந்தப் பட்டை லைட்டின் கீழ் ஏழு பச்சையும் ஏழாகவே தெரிந்தன.

"மூணையும் ரெண்டு நாளைக்குத் தா. எது எவ்வளவு குடிக்குது, எவ்வளவு தருதுன்னு பார்க்கணும்."

"பெட்டியில போட்டிருக்கே ராத்தா."

"பெட்டியில அறுநூறுன்னும் போட்டிருந்துச்சு."

முனாஸ் மூன்றையும் கட்டிக்கொடுத்தான்.

அடுத்த நாள் பகல், ளுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்ட கையோடு, பலாபத்வல வீட்டில் பரீட்சை தொடங்கியது. மஸீனா ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடக் கழற்றினாள். வீடு முழுக்க எரிவது ஒரே ஒரு லைட். வாசல் சுவரில் இருக்கும் மின்சார மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆயிரத்து அறுநூறு முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே போட்டிருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு எத்தனை சிமிட்டு என்று எண்ணினால் லைட் குடிக்கிற அசல் அளவு வந்துவிடும். பெட்டி பொய் சொன்னாலும் மீட்டர் சொல்லாது. எண்ணுகிற வேலை இத்ரூஸுக்கு. உள்ளே போனில் ஒளி அளக்கும் ஆப்பை வைத்து, லைட்டிலிருந்து ஒன்றரை அடி கீழே, இலை நிற்கிற உயரத்தில் அளப்பது மஸீனா.

ஃபிளட் லைட்டைப் போட்டார்கள். இத்ரூஸ் மீட்டர் முன்னால் கண் இமைக்காமல் நின்று, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார். ஏழு வந்தபோது றோட்டால் போன ஒருவர், "அஸ்ஸலாமு அலைக்கும் இத்ரூஸ் நானா!" என்றார். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? "வஅலைக்கும் ஸலாம்" என்று திரும்பினார். அவரும் சும்மா போகவில்லை. மீட்டரில் என்ன பழுது என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். எண்ணிக்கை போயிற்று.

மறுபடி முதலிலிருந்து. ஐந்தில் இன்னொரு ஸலாம். மூன்றாம் தடவை பதினொன்று வரை வந்துவிட்டார். அப்போது பள்ளிவாசல் பக்கமிருந்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள்.

"அல்லாஹ்வே, நன்மையும் வேணும், கணக்கும் வேணும், நான் என்னதான் செய்ய?" என்று கத்தினார் இத்ரூஸ்.

மஸீனா உள்ளிருந்து வந்து கேட்டைச் சாத்தி, அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ஒழுங்காய் எண்ணினார். ஃபிளட் லைட்டுக்குப் பதின்மூன்று சிமிட்டு. போனில் வெளிச்சம் இரண்டாயிரத்து நூறு லக்ஸ். அதன் முதுகில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்தது. குடித்ததில் பாதியைச் சூடாக்கி முதுகு வழியே துப்புகிற சாமான் அது. டியூபுக்கு ஐந்து சிமிட்டு, போனில் ஆயிரத்து நானூறு. பரவாயில்லை, ஆனால் செடி பூக்காது. கடைசியாய்ப் பட்டை லைட்.

"எட்டு" என்றார் இத்ரூஸ் வாசலிலிருந்து. "சரியா எட்டு."

மஸீனா போனைப் பார்த்தாள். மூவாயிரத்து இருநூறு. நம்பாமல் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான். ஃபிளட் லைட்டைவிடக் குறைவாய்க் குடித்து, அதைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம் தருகிறது. எட்டுச் சிமிட்டு என்றால் முப்பது வாட்ஸ். மூன்று பட்டை போட்டால் தொண்ணூறு. நூறுக்குள் அடக்கம்.

"கெடச்சிருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற இத்ரூஸ் உள்ளே ஓடிவந்தார், என்னமோ ஏதோ என்று.

ஆனால் முகட்டில் மாட்டினால் பழைய கதைதான். அங்கிருந்து கீழே வருவதற்குள் வெளிச்சம் நீர்த்துப்போகும். கிட்டத்தில் மாட்டினாலோ காத்திருப்பவர்களின் கண்ணில் குத்தும். இதற்கு வழி சொன்னது இத்ரூஸ். இருபத்திரண்டு வருஷம் ஷோகேஸ் அலங்கரித்த மனுஷன் அல்லவா. கடையின் பின்னால் கிடந்த பழைய ஷோகேஸை இழுத்துவந்து, கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி, உள்ளே முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்தார். மூன்று தட்டு, தட்டுக்கு நாலு சாடி. ஒவ்வொரு தட்டின் முகட்டிலும் ஒரு பட்டை லைட், அதை மறைத்து முன்னால் நாலு விரல் பலகை. லைட் தெரியாது, செடி மட்டும் தெரியும்.

"சேர்ட்டை இப்படித்தான் காட்டுவோம்" என்றார். "பழைய சேர்ட்டும் புதுசாத் தெரியும்."

சாறு பட்டால் வாய் அரிக்கும் என்பதால் அந்தூரியத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள் மஸீனா. கலத்தியாவும், ஃபேர்ன் என்கிற பன்னமும் கைக்கெட்டும் தட்டுகளில். ஹோலுக்கே ஒரு வாசல் வைத்தது போலாயிற்று. நாலு கிழமை மிச்சம் இருந்தது.

பத்து நாள் நன்றாய்ப் போயிற்று. பதினோராம் நாள் வந்து பார்த்தால் கலத்தியா சோர்ந்து நிற்கிறது. புது இலை சுருண்டது சுருண்டபடியே இருக்கிறது. மஸீனா சாடியைக் கையில் எடுத்தாள். தண்ணீர் பார்த்தாள், சரி. பூச்சி பார்த்தாள், இல்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து காலையிலிருந்து கவனித்தாள். பத்தரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. சந்திரகாந்தா எழும்பி வந்து, டக்கென்று ஷோகேஸ் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

"அக்கா! ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஆளே இல்லையே, சும்மா எரிஞ்சுக்கிட்டு இருக்கே" என்றார் சந்திரகாந்தா. "கரண்டு வெட்டின காலத்துல பழகின கை தங்கச்சி. எரியிற லைட்டைக் கண்டா அதுவாப் போய் அமத்திரும். காலையில கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம் போட்டு வைக்கிறேன். அழகுக்கு அது போதும்ல?"

மஸீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்திரகாந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது அழகுக்கு இல்ல. செடிக்கு இதுதான் சோறு. நீங்க ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான் போட்டிருக்கீங்க."

சந்திரகாந்தா நாலு பிள்ளைகளைத் தனியாளாய் வளர்த்தவர். யாரும் பசியோடு எழும்பிப் போக விடாதவர். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அட பாவமே" என்றார். "பட்டினி போட்டுட்டேனா?" உடனே மருந்து அறைக்குப் போய்ப் பிளாஸ்டர் சுருளைக் கொண்டுவந்து, சுவிட்சை எரியவிட்டு அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டினார். காலை ஏழுக்குப் போட்டு ஒட்டுவதும் மாலை ஏழுக்கு உரித்து அணைப்பதும் அன்றிலிருந்து அவர் பொறுப்பு. மீதித் தேத்தண்ணியைச் சாடியில் ஊற்றப் போன ஒருவரை அவர் அதட்டிய அதட்டலில் அந்த மனுஷன் தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டார். அடுத்த கிழமை ஒரு பகலில் கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம் வரவில்லை. தடுப்பூசி ஃப்ரிட்ஜும் ஓடியது, ஷோகேஸும் எரிந்தது. பேட்டரி முனகக்கூட இல்லை.

அந்த நாட்களில்தான் மஸீனா இலைகளில் கீறலைக் கண்டாள். சின்னச் சின்னப் பிறை வடிவத்தில், கைக்கெட்டும் தட்டுகளில் ஏறக்குறைய எல்லா இலையிலும். முதலில் ஏதோ நோய் என்று பயந்துபோனாள். பிறகுதான் புரிந்தது. நகம். காத்திருப்பவர்கள் கிள்ளிப் பார்க்கிறார்கள்.

"காலையிலருந்து இதே வேலைதான்" என்றார் சந்திரகாந்தா. "பிளாஸ்டிக்கா அசலான்னு பந்தயமே நடக்குது."

ஆறாம் கிழமை, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு கஜீபன் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட், கையில் இரண்டு பெரிய பெட்டி. நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹோலில் ஒரு முப்பது பேர் இருந்தார்கள். மஸீனா கடைசி வரிசையில் இத்ரூஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த மாதிரி நடுங்குறியே" என்று இத்ரூஸ் காதோடு சொன்னார். அவருடைய காலும்தான் ஆடிக்கொண்டிருந்தது.

டொக்டர் வெளியே வந்தார். கஜீபன் வணக்கம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறக்கக் குனிந்தவர், அப்படியே ஷோகேஸைப் பார்த்தார். மேல்தட்டில் அந்தூரியம் நாலும் பூத்திருந்தன. அதில் ஒன்று அன்று காலைதான் விரிந்த சிவப்பு. நடுத்தட்டில் கலத்தியா, வரி வரியாய், எண்ணெய் தடவினாற்போல. கீழ்த்தட்டில் பன்னம் விளிம்பு வழிந்து தொங்கியது.

கஜீபன் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"வேற ஆக்கள்ட்ட வாங்கிட்டீங்களா டொக்டர்? முதல்லயே சொல்லியிருக்கலாமே." கிட்டப் போய்ப் பார்த்தார். தொழில்காரன் கண். "யாரோட சாமான் இது? ஃபினிஷிங் சும்மா சொல்லக் கூடாது. நகக் கீறல்கூடப் போட்டிருக்கான். இவ்வளவு நுணுக்கமா நம்ம கொம்பனியில செய்ய மாட்டாங்க."

முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருடைய நகம்தான் அந்த நுணுக்க வேலை. சந்திரகாந்தா வாயைச் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

கஜீபன் ஒரு கலத்தியா இலையின் விளிம்பைப் பிடித்து, தரம் பார்ப்பவர் போல், நகத்தால் அழுத்திக் கிள்ளினார். விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை. ஈரம். மூக்கருகே கொண்டுபோனார்.

"இது... உசிரோட இருக்கு!"

ஹோல் வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். சளிப் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டின. இத்ரூஸ் எழும்பி நின்று, "மவுத்து ஒண்ணுகூட இல்ல!" என்று அறிவித்தார், கடைத்தெருவில் கேட்கிற அதே குரலில். மஸீனாவுக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஒரு ஜீவன் மாத்தளை மாவட்டத்திலேயே இல்லை.

டொக்டர் சிரித்துக் களைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாவுலைக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யுங்க மஸீனா. பெருசா." கஜீபன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது மஸீனாவிடம் தயங்கித் தயங்கி வந்து, கண்டியில் தான் இருக்கிற அறைக்கும் ஜன்னல் இல்லை, ஒரு சாடி வைத்தால் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று கேட்டார். அவள் பட்டை லைட்டின் பெயரை எழுதிக்கொடுத்து, மீட்டர் எண்ணும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

எல்லோரும் அடங்கிய பிறகு டொக்டர் ஷோகேஸ் முன்னால் நின்று கீறல்களைத் தடவிப் பார்த்தார். "பாவம், எவ்வளவு நகம். ஒரு போர்டு எழுதி வைப்போமா, இலையைக் கிள்ளாதீங்கன்னு?"

"வேணாம் டொக்டர்" என்றாள் மஸீனா. அவ்வளவு அவசரமாய்ச் சொன்னாள், அவளுக்கே வியப்பாயிருந்தது. "கிள்ளட்டும். கிழிஞ்ச இலையை நான் மாத்துறேன். நான் ஒரு நாள் கண்டியில இப்படித்தான் கிள்ளினேன். அன்னைக்கு ஒண்ணும் வரல்ல."

டொக்டர் அவளையும் இத்ரூஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

காலையிலிருந்து மூலை நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய புருஷனை உள்ளே படுக்கவைத்து சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நடந்தபோதும் அவள் சிரிக்கவில்லை. இப்போது யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு எழும்பி ஷோகேஸிடம் போனாள். ஓர் இலையைக் கிள்ளினாள். நகத்தை லைட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த விரலைத் துடைக்காமல் மற்றக் கையால் மூடிக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.